பைக்குள் போன காது

1

இந்தக் கதையின் முடிவு என் கால்சட்டைப் பையில் இருந்தது. இப்போது அது வீட்டில் எல்லோருடைய துணியிலும் இருக்கிறது.

ஏதோ கவித்துவமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைத்தான் சொல்கிறேன். பேருந்துக்காக நின்றபோது முடிவு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எந்த முடிவும் வந்ததே கிடையாது. ஒரு கையில் காய்கறியும் மறு கையில் குடையுமாக, பேனா எடுக்க மூன்றாவது கை தேடும் நேரத்தில்தான் வரும். மருந்துக்கடை ரசீதின் முதுகில் கிறுக்கி, மடித்துப் பைக்குள் தள்ளினேன். எழுதி வைத்துவிட்டால் மறந்துவிட உரிமை கிடைத்துவிட்டதாக நினைக்கும் ரகம் நான். அந்த உரிமையைப் பூரணமாகப் பயன்படுத்திக்கொண்டேன். கால்சட்டை வாஷிங் மெஷினுக்குப் போனது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

என் மனைவி 'கொஞ்சம்' என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். போனேன். அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு உடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன்மேல் வெள்ளை வெள்ளையாக, பஞ்சு மெத்தையை யாரோ கிழித்து உதறியதுபோல.

"என்ன இது?"

"பேப்பர்."

"அது தெரியுது. என்ன பேப்பர்?"

"கதையோட முடிவு."

துணியை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"நல்லாத்தான் முடிச்சிருக்கீங்க."

அன்றைக்கு எனக்கு விதிக்கப்பட்ட வேலை, துணிதுணியாக எடுத்து அந்தத் துகள்களைப் பொறுக்குவது. பொறுக்கினேன். பெரும்பாலும் கூழ். ஒரே ஒரு துண்டில் மட்டும் எழுத்து பிழைத்திருந்தது. என் கையெழுத்துதான். ஒரு சொல்: 'கையில்'.

யார் கையில்? எது கையில்? மூன்று முடிவுகள் யோசித்ததும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் நினைவிருக்கிறது. எந்த ஒன்றை என்பது மட்டும் சோப்புத் தண்ணீரோடு போய்விட்டது. மூன்றிலுமே கை வருகிறது என்பதுதான் என் தலையெழுத்து.

ஆகவே சரக்கின் ஓட்டையை முதலிலேயே காட்டிவிடுகிறேன். நான் விலை பேசிப் பிழைப்பவர்களுக்கு நடுவே வளர்ந்தவன். எங்கள் வீட்டில் முதலில் 'சரி' சொல்பவர் தோற்றவர். என்றாலும் கிழிசலை மடித்து உள்ளே வைத்து விற்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. மடித்து வெளியே வைத்து, 'அதனாலதாங்க இந்த விலை' என்று சொல்லி விற்போம்.

2

கதை சட்டைப் பையில் வைத்து மறந்துபோன ஒரு பொருளைப் பற்றியது. அது என்ன பொருள் என்பதில் ஆரம்பத்தில் நிறையக் குழப்பம்.

மோதிரம் வைக்கலாம் என்று நினைத்தேன். மோதிரம் துவைத்தால் சுத்தமாகும், அவ்வளவுதான், கதை ஆகாது. காதல் கடிதம்? இப்போதெல்லாம் யார் எழுதுகிறார்கள்? லாட்டரிச் சீட்டு? அதை வைத்தால் அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மைப்பேனா, சூயிங்கம், உதட்டுச் சாயம், வீட்டுச் சாவி, பேசிக்கொண்டிருக்கும்போதே பைக்குள் போன கைப்பேசி... இவையெல்லாம் வீட்டுக்கு வீடு நடப்பவை. சண்டை வரும், சாப்பாட்டு நேரத்துக்குள் அடங்கிவிடும்.*

(* எல்லாமும் அடங்காது. தையல்காரர்கள் துணியில் கோடு போடும் நீல சாக்கட்டி ஒன்று எனக்குத் தெரிந்த வீட்டில் பையோடு துவைக்கப்பட்டது. அந்த வீட்டு மாப்பிள்ளை ஒரு வருடம் வெளிர்நீல உள்ளாடையோடு நடமாடினார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் சொன்னார்.)

யோசித்துப் பார்த்தால் பை என்பது ஒரு வினோதமான இடம். வைத்துக்கொள்ள வேண்டியதை அலமாரியில் வைக்கிறோம். வேண்டாததைக் குப்பையில் போடுகிறோம். என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்காததைப் பையில் போடுகிறோம். ஆக, பையைச் சோதிக்காமல் துவைப்பது ஒரு மனிதனின் தீராத யோசனைகளை எல்லாம் சுழலவிட்டுப் பிழிந்து...

[நிறுத்திவிட்டேன். இப்படியே போனால் கட்டுரையாகிவிடும்.]

தொடக்கங்களையும் காட்டிவிடுகிறேன்.

'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலைப்பொழுதில் பொத்தான் கடைக்காரர் தம்முடைய...' [வேண்டாம். துணி காய வேண்டிய கதையில் மழை எதற்கு?]

'மௌனம் என்பது ஒரு மொழி. அந்த மொழியை...' [இதை எழுதிய விரலை நான் தனியாகக் கண்டித்துவிட்டேன்.]

'மெஷினிலிருந்து சட்டையை எடுத்தபோது காது செத்திருந்தது.'

இது இருக்கட்டும்.

3

காது என்றால் காது மெஷின். சரியாகக் கேட்காதவர்கள் காதில் மாட்டிக்கொள்வது, முந்திரிப் பருப்பு அளவுக்கு இருக்குமே, அது. அதன் சொந்தக்காரர் ஒரு தையல் சாமான் கடை வைத்திருப்பவர். பொத்தான், கொக்கி, ஜிப், எலாஸ்டிக், நூல்கண்டு, சட்டைப் பைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் துணி எல்லாம் அங்கே கிடைக்கும். தெருவில் அவருக்குப் பெயர் பொத்தான் கடைக்காரர். கடையில் அவரும் அவர் மகளும். மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. படிப்பு முடித்த மறுநாளிலிருந்து கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறாள்.

கடைக்காரர் வியாபாரம் பேசும் விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

"அண்ணே, போன தடவை இதைவிடக் கம்மியாத்தானே குடுத்தீங்க?" என்பார் ஒரு தையல்காரர்.

"போன தடவை நீங்க இதைவிட நல்லவரா இருந்தீங்க."

"பழகின ஆளுன்னு ஒரு இது வேண்டாமா?"

"பழகினதாலதான் உள்ளே விட்டேன்."

இப்படியே கொஞ்ச நேரம் போகும். பிறகு கடைக்காரர் ஒரு விலை சொல்வார். சொல்லிவிட்டு, காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன கத்தினாலும் அவருக்குக் கேட்காது. காது பைக்குள் போனால் அதுதான் கடைசி விலை என்று தெருவுக்கே தெரியும். "சரி சரி, காதை எடுத்து மாட்டுங்க. கட்டுங்க சரக்கை" என்று தையல்காரர் சைகை காட்டிய பிறகுதான் காது வெளியே வரும்.

தெருவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவருக்கு உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கத் தெரியும். காது பைக்குள் போனதும் வாங்க வந்தவர்கள் தைரியமாகத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்: 'வாங்கிடலாம்டா, அந்தக் கடையில இன்னும் கூட.' கடைக்காரர் கூரையைப் பார்ப்பதுபோல அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. ஒரு சரக்கை எவ்வளவுக்கு வாங்கினோம், எதுவரை இறங்கலாம் என்பதை வாங்க வந்தவர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாதல்லவா? கடைக்காரர் மேஜைக்கு அடியில் இடது உள்ளங்கையை மகள் பக்கம் விரிப்பார். மகள் அதில் விரல்களால் அழுத்துவாள். இத்தனை விரல் என்றால் இவ்வளவு. சின்னப் பெண்ணாக ஸ்டூலில் ஏறி நின்ற காலத்திலிருந்து அந்தக் கணக்கு அவர்களுக்குள் ஓடுகிறது. இறங்க வேண்டிய எல்லையை அவள் அழுத்துவாள். இறங்குவதா வேண்டாமா என்பதை அவர் தீர்மானிப்பார்.

இந்த 'அவர் தீர்மானிப்பார்' என்பதுதான் கதை.

4

கடைக்காரர் கடையை விற்கப் போகிறார். வாங்கப்போவது எதிர்வரிசையில் தைத்த ஆடை விற்பவர். தெருவில் அவருக்கு 'ரெடிமேட்' என்று பெயர். பேரம் பேசத் தெரியாத ஆள் அல்ல, அவரும் நம்ம ஆள்தான். மூக்கால் விலை பேசுவார், வாயால் சிரிப்பார். பொத்தான் கடையின் சுவரை இடித்துத் தம் கடைக்குத் துணி போட்டுப் பார்க்கும் அறைகள் கட்டிக்கொள்வதாக யோசனை.

மகளுக்குக் கடை வேண்டும். ஏன் அவளுக்கே கொடுக்கக் கூடாது என்று நீங்கள் கேட்பீர்கள். தெருவும் கேட்டது. கடைக்காரர் சொன்ன பதில்:

"கடைன்னா பாதி பேச்சு, பாதி பொய். பேச்சு அவளுக்கு வரும். பொய் வராது. ஒரே விலை சொல்லுவா. ஒரே விலை சொல்றவளை இந்தத் தெரு ஒரு வாரத்துல தின்னுட்டு ஏப்பம் விடும்."

மகள் இதை அவரிடம் நேராகப் பேசியதே இல்லை. ஒரே ஒரு முறை பேசினாள். அதுதான் சிக்கல்.

ரெடிமேட் விலை பேச வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள். காலை வேளை, வீட்டில். கடைக்காரர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் அலமாரிப் பக்கம் திரும்பி, மடித்த துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் வரவில்லை. அலமாரியைப் பார்த்தே கேட்டாள்:

"அப்பா, கடையை அவருக்குக் குடுக்காதீங்க. எனக்குக் குடுங்க. நான் நடத்திக் காட்டறேன்."

திரும்பினாள். அப்பாவின் காது வெறுமையாக இருந்தது. சட்டைப் பை லேசாகப் புடைத்திருந்தது.

"என்னம்மா, ஏதாவது சொன்னியா?"

"ஒண்ணுமில்லைப்பா."

காது எப்போது பைக்குள் போனது? அவள் பேசுவதற்கு முன்பா, பேசியதைக் கேட்ட பின்பா? முன்பு என்றால் அவர் எதுவும் கேட்கவில்லை; அவள் முதுகைக் காட்டி நின்றதால் உதட்டைப் படிக்கவும் வழியில்லை. பின்பு என்றால், கேட்டுவிட்டார். கேட்டுவிட்டுக் காதைப் பைக்குள் போட்டிருக்கிறார். அப்படியானால் அது கடைசி விலை.

அவள் பின்னதைத்தான் எடுத்துக்கொண்டாள். அந்தக் கடையில் வளர்ந்தவள் வேறு எதை எடுத்துக்கொள்வாள்?

கடைக்காரர் எழுந்து, குளிக்கப் போகும்போது சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டார். மகள் கூடையை மெஷினில் கவிழ்த்தாள். கதவைச் சாத்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

5

இதுவரை எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் மேல்சட்டையிலிருந்து என் முடிவைக் கிள்ளி எடுத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நம்ப முடியலை."

"எது? காதா?"

"பொண்ணு. பையைத் தொட்டுப் பாக்காம மெஷின்ல போட்டான்னு எழுதியிருக்கீங்க. சாக்கட்டி, ஊசி, பிளேடு எல்லாம் பையில வெச்சுக்கிட்டு வர்ற வீடு. எந்தப் பொண்ணு பாக்காம போடுவா?"

"நீ போட்டியே."

"நான் பாத்தேன்."

தாளைக் கீழே வைத்தேன்.

"பாத்தியா? பாத்துட்டுமா போட்டே?"

"மருந்துக்கடை ரசீதுன்னு நெனச்சேன். பிரிச்சுப் பாக்க எனக்கென்ன வேலையில்லையா?"

இதை நம்புவதா வேண்டாமா என்பது எங்கள் குடும்ப விவகாரம். ஆனால் கதைக்குள் ஒரு கதவு திறந்துகொண்டது. மகள் பார்த்தாளா? புடைத்த பையைத் துணி அடுக்கும்போதே பார்த்தவள், கூடையிலிருந்து எடுக்கும்போது மட்டும் எப்படிப் பார்க்காமல் போவாள்?

உண்மையைச் சொன்னால் நான் கொஞ்சம் கலங்கிவிட்டேன். என் பாத்திரத்தை நானே சந்தேகப்படுவது அவமானம். எழுந்தேன், நடந்தேன், மெஷின் மூடியைத் திறந்து ஒருமுறை உள்ளே பார்த்தேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். மகளைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு.

"நீ தெரிஞ்சுதானே போட்டே?"

"நீங்கதானே எழுதுறீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"கோவத்துலயா?"

"சார், அப்பா முப்பது வருஷமா அதைப் பையில போடறாரு. ஒரு தடவைகூட எடுக்க மறந்ததில்லை. அன்னிக்கு மட்டும் ஏன் மறந்தாரு? அவரைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குக் கேட்காது.

6

[இந்த இடத்தில் ஒரு அம்மா இருந்தார். நீக்கிவிட்டேன். அவர் இருந்தால் 'பொண்ணு கடை கேக்குறா, காதுல விழுந்துச்சா இல்லையா?' என்று ஒரு சத்தம் போட்டு விஷயத்தை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார். அவரைத் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கேயும் ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. திரும்பி வரச் சில நாட்களாகும்.]

மெஷின் நின்றது. காது கிடைத்தது. சோப்பு வாசனையோடு, வாங்கியபோது இருந்ததைவிடப் பளபளப்பாக, மூச்சுப் பேச்சில்லாமல். அரிசி டப்பாவுக்குள் புதைத்துப் பார்த்தார்கள். வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். விற்ற கடையில் கேட்டார்கள். "புதுசுதான் வாங்கணும், ஆர்டர் போட்டா வர ஒரு வாரம் ஆகும்" என்றார்கள். ரெடிமேட் நாளைக்கே வருகிறார்.

"தள்ளி வெச்சுக்கலாம்ப்பா" என்று மகள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்.

"தள்ளி வெச்சா ஏன்னு கேப்பான். காது போச்சுன்னு தெரிஞ்சா கடையும் போன மாதிரிதான். பாதி விலைக்கு இறக்கிடுவான்." கேட்காதவர்கள் வழக்கப்படி ஊருக்கே கேட்கும்படிச் சொன்னார். "செத்ததையே மாட்டிக்கிட்டு உக்காருவேன். உதட்டைப் பாத்துக்கறேன். நீ பக்கத்துல இரு."

பிறகு அவள் கையை இழுத்து, உள்ளங்கையில் தம் விரல்களை அழுத்தினார். இதுவரை அவள்தான் அவருக்கு அழுத்துவாள். முதல்முறையாக மாறி நடந்தது. தாம் இறங்கக்கூடிய எல்லையைச் சொன்னார்.

"இதுக்கு ஒரு விரல் குறைஞ்சாலும் எந்திரிச்சுடுவேன். அப்புறம் கடை எவனுக்கும் இல்லை."

அன்று பிற்பகல் மகள் அப்பாவின் சட்டைகளை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடை நூல், கடை ஊசி. ஒவ்வொரு சட்டையின் பை வாயையும் மூடித் தைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் தையல் தெரியாத அளவுக்கு நெருக்கமாக.

"இனிமே உங்க சட்டை எதுக்கும் பை கிடையாது. காதுலயே மாட்டிக்கிட்டு, சொல்றதைக் கேளுங்க" என்றாள், குனிந்து தைத்தபடியே.

கடைக்காரர் தலையை ஆட்டினார். அன்று முழுவதும் எதற்குமே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். 'சரிம்மா' என்றும் சொன்னார். எதற்குச் சரி என்று அவருக்குத் தெரியாது.

7

ரெடிமேட் வந்தார். அவருக்குச் சளி.

(சளியை நான்தான் கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை. உதடு தெரிந்தால் கடைக்காரருக்கு மகள் தேவையில்லை. மகள் தேவையில்லாவிட்டால் எனக்குக் கதை இல்லை. மீசை வைக்கலாம் என்று பார்த்தேன், ஒரே நாளில் வளராது. ஆகவே சளி. அவர் மூக்கிலும் வாயிலும் ஒரு கைக்குட்டையை ஒற்றிக்கொண்டே பேசினார்.)

மூவரும் கடையின் பின்னறையில், வெட்டிய துணிகளுக்கு நடுவே, மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைக்காரர் காதில் செத்த மெஷின். முகத்தில் எல்லாம் கேட்பவரின் தோரணை. மேஜைக்கு அடியில் அவருடைய இடது உள்ளங்கை மகள் பக்கம் விரிந்திருந்தது.

"என்னண்ணே, சௌக்கியமா?" என்றது கைக்குட்டை.

மகள் உள்ளங்கையை லேசாகத் தட்டினாள்.

"சௌக்கியம், சௌக்கியம்! நீங்க எப்படி இருக்கீங்க தம்பி?"

"மூக்கைப் பாத்தாலே தெரியலையா?" கைக்குட்டை தும்மியது. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தது. "இந்த அலமாரியெல்லாம் எடுத்துட்டா நல்ல இடம் கெடைக்கும். நாலு கண்ணாடி, நாலு கதவு. பொத்தானெல்லாம் இனி யாருக்கு வேணும்? எங்க கடையில வாங்கினா எல்லாம் தெச்சே வருது."

"ரெண்டு தடவை துவைச்சா எல்லாம் உதிர்ந்து எங்க கடைக்கே வருது" என்றாள் மகள்.

ரெடிமேட் சிரித்தார். கண்ணில் மட்டும் சிரிப்பு தெரிந்தது.

"பாப்பாவுக்கு வாய் இருக்கு. நல்லது. பாப்பா, கவலைப்படாதே, உனக்கும் ஒரு இடம் போட்டு வெச்சிருக்கேன். கல்லாவுல உக்காந்துக்கோ. மாசம் பொறந்தா சம்பளம். சொல்லு அப்பாகிட்ட."

மகள் சொல்லவில்லை. அதற்கு விரல் கணக்கில் சொல் கிடையாது.

"ம்... பாக்கலாம், பாக்கலாம்" என்றார் கடைக்காரர், தொண்டையைச் செருமி, யோசிப்பதுபோல நடித்து.

"சரிண்ணே, சுத்தி வளைப்பானேன்" என்று ரெடிமேட் முன்னால் சாய்ந்தார். கைக்குட்டையைக் கொஞ்சமும் இறக்காமல் விலையைச் சொன்னார்.

அந்த விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. நல்ல விலை என்று மட்டும், வயிற்றெரிச்சலோடு, சொல்லிக்கொள்கிறேன். கடைக்காரர் முதல் நாள் மகளின் கையில் அழுத்திய எல்லை எதுவோ, சரியாக அதே விலை. ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். அவள் கேட்டபடியே அழுத்தினால் கடை போய்விடும். ஒரு விரலை மடக்கிக்கொண்டால் போதும், அப்பா எழுந்துவிடுவார். ஒரே ஒரு விரல். பொய் வராது, அதனால் கடை கிடையாது என்று தெருவிடம் சொன்னவருடைய உள்ளங்கையிலேயே அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும்.

அவள் அழுத்தினாள்.

8

எத்தனை விரல் என்று கேட்காதீர்கள். எனக்கும் ரெடிமேட்டுக்கும் மேஜையின் மேல்பக்கம்தான் தெரிந்தது.

கடைக்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். வாங்க வந்தவர்களின் உதட்டைக் கூரையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பவர், இப்போது நேராகப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, காது மெஷினைக் கழற்றினார்.

ரெடிமேட்டுக்கு அந்தச் சைகை தெரியும். "அண்ணே, அண்ணே, இருங்க! நீங்க இன்னும் விலையே சொல்லலையே. அதுக்குள்ள எதுக்குக் காதைக் கழட்டறீங்க?"

நியாயமான கேள்வி. விலை சொன்ன பிறகுதான் காது பைக்குள் போகும். இவர் வாயே திறக்கவில்லை. அப்படியானால் இந்தக் கடைசி விலை யாருக்கு? எதிரில் உட்கார்ந்தவருக்கா, பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கா?

கை சட்டைப் பைக்குப் போனது. நுழையவில்லை. மறுபடி முயன்றது. நுழையவில்லை. குனிந்து பார்த்தார். தையல். அவர் கடை நூல். எந்தக் கண்டிலிருந்து வந்தது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும். காது மெஷினை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தபடி கை அந்தரத்தில் நின்றது.

இனி முடிவுகள். சரக்கை விரிக்கிறேன், தடவிப் பாருங்கள்.

அ. மகள் ஒரு விரலை மடக்கினாள். அப்பா அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார். ரெடிமேட் அவ்வளவு குறைத்துக் கேட்கும் ஆள் அல்ல என்று அவருக்குத் தெரியாதா? 'பரவாயில்லை, உனக்கும் வருது' என்று சிரித்துவிட்டு எழுந்தார். [பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பொய் சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் கடை என்று நானும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அதோடு இந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கதையை முடிக்கத் தெரியாதவர்கள்தான் பாத்திரங்களைச் சிரிக்க வைப்பார்கள்.]

ஆ. மகள் உள்ளதை அழுத்தினாள். அப்பா 'இந்த விலைக்கு முடியாது தம்பி' என்று தாமே பொய் சொன்னார். [இது இன்னும் அழகு. அழகாக இருப்பதாலேயே பயமாக இருக்கிறது. நான் வளர்ந்த வீட்டில், அப்பாவுக்கும் மகளுக்குமே ஆனாலும், முதல் வார்த்தையிலேயே படிந்துவிடும் பேரத்தை யாரும் நம்புவதில்லை.]

இ. இது என் மனைவி தந்தது. "அவருக்கு எல்லாம் கேக்குது. அன்னிக்குப் பொண்ணு கேட்டதும் கேட்டுச்சு. இன்னிக்கு இவன் சொன்னதும் கேட்டுச்சு. மெஷினே வேண்டாம் அந்தாளுக்கு."

"அப்ப ஏன் நடிக்கணும்?"

"ஆம்பளைங்க எதுக்குக் கேக்காத மாதிரி இருப்பாங்கன்னு எங்கிட்டயா கேக்குறீங்க?"

[அடுத்த துணியை எடுத்துத் துகள் பொறுக்கினேன்.]

முதல் இரண்டில் ஒன்றைத்தான் ரசீதின் முதுகில் எழுதினேன். அல்லது இன்னும் விரிக்காத மூன்றாவதை. கைவசம் பிழைத்தது ஒரே சொல். மேஜையில் அந்தத் துண்டை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். 'கையில்'. காது அவர் கையில் இருக்கிறது. அது அங்கேயே தங்கிவிட்டதா? திரும்பக் காதுக்கே போனதா? மேஜைக்கு அடியில் இன்னொரு கை இருக்கிறது. விரல்களை அழுத்திவிட்டு இன்னும் எடுக்காமல் அங்கேயே கிடக்கும் அவள் கை. செத்த காதை அதில் வைத்து மூடினால் அதற்கு என்ன அர்த்தம்? 'இனி நீயே கேட்டுக்கொள்' என்றா? 'இதைக் கெடுத்தது நீதான், நீயே வைத்துக்கொள்' என்றா? கொடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மேஜைக்கு மேலே இருந்து பார்த்தால் இரண்டும் தெரிவதே இல்லை.

ரெடிமேட் கைக்குட்டையை இறக்கிவிட்டார். முதல்முறையாக அவர் உதடு தெரிகிறது. "என்னண்ணே முடிவு?" என்கிறது. அதைப் படிக்க வேண்டியவர் மகளின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

என்னால் இந்தக் கையை இதற்குமேல் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. உட்கார முடியவில்லை, எழுந்தால் நடக்க இடமில்லை, எல்லாக் கொடியிலும் துணி. நீங்கள்தான் இறக்க வேண்டும். எங்கே வைத்தாலும் எனக்குச் சம்மதம். முதலில் 'சரி' சொல்லிவிட்டேன் பாருங்கள். எங்கள் வீட்டார் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

"ஏங்க, அடுத்த ஈடு துணி போடப்போறேன். போட்டிருக்கிற கால்சட்டையைக் கழட்டிக் குடுங்க. பையில ஏதாவது இருக்கா?"

காகிதத் துண்டை எடுத்துப் பையில் போட்டது எப்போது என்று எனக்கே தெரியவில்லை. தொட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.